தூக்கிப் போட்ட புள்ளிகள்

நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு வந்தால் எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓயாது. மாப்பிள்ளையின் நிறம், சாம்பாரில் உப்பு, யார் யாரைக் கண்டும் காணாமல் போனார்கள் என்று அலச எவ்வளவோ இருக்கும். பிரம்மநாயகத்தின் வீட்டில் அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை. கோமதி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நேராக அடுக்களைக்குள் போய் நின்றாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். முகம் அணைந்துவிட்டது.

அணைந்துவிட்டது என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சல் ஒன்று வந்தது. பிழைத்தவர்களில் சிலருக்கு முகத்தின் இரண்டு பக்கத்து நரம்பும் செத்துப்போயிற்று. கோமதி அவர்களில் ஒருத்தி. அழுதால் கண்ணீர் வரும், முகம் அழாது. சிரித்தால் சத்தம் வரும், உதடு அசையாது. பாளையங்கோட்டையில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் ஆய்வகம் இருந்தது. காதுக்குப் பின்னால் உளுந்து அளவில் ஒரு சில்லைப் பதிப்பார்கள். மூளையிலிருந்து வருகிற சேதியை அது வாங்கி, செத்த நரம்பைத் தாண்டி, முகத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். முகப்பாலம் என்று பெயர். எவ்வளவு சேதி வந்தால் எவ்வளவு தசை அசைய வேண்டும் என்று அந்தச் சில்லுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிற கணித ஆசாமிதான் நம் பிரம்மநாயகம். ஊரார் முகத்துக்கெல்லாம் கோடு போட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் கட்டிய மனைவியின் முகத்துக்கும் போட வேண்டியதாயிற்று.

அந்தக் கோடுதான் இன்றைக்கு மானத்தை வாங்கிவிட்டது. நாயகத்தின் அக்கா பகவதியின் மகள் தாரிணிக்கு நிச்சயம். தாரிணி மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். முன்வரிசையில் கோமதி. அவள் முகத்தில் சிரிப்பு அழகாக ஏறிக்கொண்டே வந்தது. திடீரென்று புருவம் நெரிந்தது, உதட்டின் இரண்டு ஓரமும் கீழே மடங்கின. வேப்பங்கொழுந்தைக் கடித்தவள் போல ஆகிவிட்டாள். பகவதி பார்த்துவிட்டாள். சம்பந்தியம்மாளும் பார்த்துவிட்டாள், அதுதான் பெரிய வினை.

"ஏட்டி கோமதி, எம் மவ நல்லா இருக்கது ஒனக்கு இவ்வளவு கசக்கா?" என்று பகவதி சபையில் வைத்தே கேட்டாள்.

அதைக் கேட்டுவிட்டு வந்தவள்தான் இப்போது அடுக்களையில் நிற்கிறாள்.

"நான் சுளிக்கலங்க," என்றாள். பாலத்தை அணைத்துவிட்டால் உதடு ஒட்டாது. ப-வும் ம-வும் மழுங்கித்தான் வரும். நாயகத்துக்கு அது பழகிப்போயிருந்தது. "சத்தியமாச் சொல்லுதேன், எனக்குச் சந்தோசம்தான். அந்தப் பிள்ளையப் பாத்து நான் எதுக்குச் சுளிக்கேன்?"

எதற்குச் சுளிப்பாள்? தாரிணி கல்லூரியில் படித்த காலமெல்லாம் இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தை அத்தை என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை இருந்த சில வருஷங்கள் அவைதாம்.

"எனக்குத் தெரியாதா ஒன்ன? கோடு துள்ளியிருக்கு. பாலம் பண்ணுன தப்பு. நான் சரி பண்ணித் தாரேன்."

"பண்ணுங்க, பண்ணாமப் போங்க. கல்யாணத்துக்கு நான் வரல."

"என்னட்டி பேசுத? தாய்மாமனும் அத்தையும் மேடையேறி மாலை எடுத்துக் குடுக்காம அங்க தாலி ஏறுமா?"

"மாமன் போங்க. அத்தைக்கு மூஞ்சி இல்லன்னு சொல்லிருங்க."

நாயகம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் முகம் கொடுக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு சொல் விழுந்தால் சோறு எப்படி இறங்கும்?

மறுநாள் ஆய்வகத்தில் டாக்டர் ஜெபராணியைப் பிடித்தான். சில்லைப் பதித்தவர் அவர்தான். கத்தி பிடிக்கிற கை, கணக்கென்றால் காத தூரம் ஓடும்.

"எனக்குப் பத்தாங்கிளாஸ் பாடம் மாதிரிச் சொல்லணும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சில்லு ரொம்பச் சின்னது டாக்டர். பேட்டரி கிடையாது, உடம்புச் சூட்டுல ஓடுது. அதுக்குக் கூட்டவும் பெருக்கவும் மட்டும்தான் தெரியும். கூட்டலும் பெருக்கலும் மட்டும் வச்சுக் கோடு போடணும்னா பள்ளிக்கூடத்துல படிச்ச பல்லுறுப்புக்கோவைதான் கதி. கோமதியோட பழைய வீடியோவ அவளுக்கே போட்டுக் காமிச்சு, அப்ப மனசு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கச் சொன்னோம்லா? அந்த நினைப்புல வந்த சந்தோசச் சேதி எவ்வளவு, வீடியோவுல உதடு தூக்குனது எவ்வளவு. ரெண்டும் சேந்தா ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியையும் ஒட்டிப் போற மாதிரி கோவைய வளைச்சேன்."

"பின்ன எங்க கோளாறு?"

"கோவை பந்தல் துணி மாதிரி. இந்த மூலைய இழுத்துக் கட்டுனா அந்த மூலையில உப்பும். புள்ளி இருக்க இடத்துல ஒழுங்கா இருக்கும், ரெண்டு புள்ளிக்கு நடுவுல துள்ளும். சந்தோசம் ஏறிக்கிட்டே இருக்கும்போது சிரிப்பு சட்டுனு எறங்கிரும். காய்கறிக் கடையிலயும் ரெண்டு தடவ அப்படி ஆயிருக்கு. அதனால இப்ப ஒரு நிபந்தனை போடப்போறேன். சந்தோசம் ஏறுனா சிரிப்பும் ஏறணும், ஒரு இடத்துலயும் எறங்கக் கூடாது. வடிவம் காக்குத கோவைன்னு பேரு."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"சும்மா கெடைக்காது டாக்டர். எறங்காதேன்னு கையக் கட்டிப் போட்டா, கோடு புள்ளிய விட்டு விலகிரும். கால்வாசிச் சிரிக்க வேண்டிய இடத்துல அரைவாசி சிரிப்பா. அளவு தப்பும். போக்கு தப்பாது."

"ஜனங்க போக்கத்தான் பாக்காங்க. அளவ யாரு பாக்கா?" என்ற ஜெபராணி, புள்ளிகள் தெரிந்த கணினித் திரையின் வலது ஓரத்தைத் தொட்டார். "இங்க என்ன, கொத்தா நாலஞ்சு புள்ளி கீழ கெடக்கு? சந்தோசம் உச்சியில இருக்கு, உதடு எறங்கியிருக்கு?"

"அதுவா? அது வீட்ல எடுத்தது. எம்மேல கடுப்புல இருந்த நேரம். நினைச்சுப் பாக்கும்போது மிசின் எதையோ தப்பா வாங்கியிருக்கு. கெட்ட புள்ளி. போன தடவ அசட்டையா விட்டுட்டேன்."

"அவ்வளவு கடுப்பா ஒங்க மேல?"

"கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படித்தான் டாக்டர். ஊருக்குப் போயிட்டு வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா மொறைப்பா. ஆசையா ஒரு சேல எடுத்துக் குடுத்தா மொறைப்பா. எனக்குப் பழகிட்டு."

ஜெபராணி சிரித்துவிட்டார். நாயகமும் சிரித்தான். சிரித்தபடியே அந்தப் புள்ளிகளை வளைத்துப் பிடித்துக் கணக்கிலிருந்து தூக்கிப் போட்டான். கோடு போடுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. கோட்டுக்கு ஒத்துவராத புள்ளியைக் கண்டால் கோட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள், புள்ளியைத்தான் சந்தேகப்படுவார்கள்.

புதுக் கோடு ஏறிய கையோடு தெருவே கோமதியைக் கொண்டாட ஆரம்பித்தது. சிரிப்பென்றால் அது சிரிப்பு. காய்கறிக்காரம்மா கொசுறாகக் கறிவேப்பிலையை அள்ளிப் போட்டாள். எந்நேரமும் சிடுசிடுக்கிற எதிர்வீட்டுக்காரர் வலிய வந்து மழை வருமா என்று கேட்டார். செய்தி பகவதியின் காதுக்கும் போயிற்று. "மூஞ்சி தெளிஞ்சிட்டாமே, கூட்டிட்டு வா," என்று தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். கோமதியும் கல்யாணத்துக்கு வரச் சம்மதித்தாள். நாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அளவு தப்பினால் என்ன, போக்கு தப்பவில்லையே!

இந்த மிதப்பில் கண்ணெதிரே நடந்த ஒன்றைக் கவனிக்க அவனுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒரு சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். கோமதி மதில் ஓரம் நின்று பக்கத்து வீட்டம்மாளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இவன் கேட்டைத் திறந்ததைப் பார்த்தாள். விரல் காதுக்குப் பின்னால் போயிற்று. முகம் அணைந்தது.

யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் இதேதான். ஊருக்கெல்லாம் திருவிழா, இவனுக்கு மட்டும் நடை சாத்தல். நாயகம் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேவிட்டான்.

"என்னக் கண்டா மட்டும் எதுக்குட்டி ஆஃப் பண்ணுத?"

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "கன்னம் இழுக்குதுங்க," என்றாள்.

"வலிக்கா?"

"வலிக்கல. ஒங்களக் கண்டவொடன ரெண்டு கன்னமும் காதுவரைக்கும் ஓடுது, ஜவுளிக்கடை வாசல்ல நிக்க பொம்ம மாதிரி. உதடு மடங்கப் பாக்கு, இது விடமாட்டேங்கு. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுக்க அதே சிரிப்பத்தான் இன்னும் கொஞ்சம் பெருசாக்கி ஒங்களுக்கும் குடுக்கு. எனக்கு அது பிடிக்கல. ஒங்ககிட்ட நான் என்னைக்கு அப்படிச் சிரிச்சிருக்கேன்?"

"சிரிச்சதே இல்ல. மொறைக்கத்தான் செய்வ."

"மொறைப்பேனா? நானா?"

அவள் நிஜமாகவே திகைத்துப்போனாள். தன் முகம் தனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி முன்னால் நின்று யாரும் சந்தோஷத்தின் உச்சிக்குப் போவதில்லை. நாயகம் எழுந்து போய், தூக்கிப் போட்ட புள்ளிகளில் ஒன்றைத் தேடி, அதன் வீடியோவைச் சுவரில் ஓடவிட்டான். ஏதோ ஒரு வருஷத்துக் கல்யாண நாள். இவன் ஒரு கையால் படம் பிடித்துக்கொண்டே மறுகையால் பச்சைப் புடவையை நீட்டுகிறான். கோமதி பிரித்துப் பார்க்கிறாள், நிமிர்கிறாள், புருவத்தை நெரித்து உதட்டை மடக்கி அவனை ஒரு பார்வை பார்க்கிறாள். போய்த் தொலை என்கிற மாதிரி.

"பாத்தியா? நெறம் பிடிக்கல ஒனக்கு. மறுநாள் மாத்தலாம்னு சொன்னேன், வேண்டாம்னுட்ட."

கோமதி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு எனக்குச் சந்தோசத்துல மூச்சு முட்டிச்சு," என்றாள். "நான் என்னைக்கோ கடையில நின்னு பாத்த சேல. நீங்க கவனிச்சிருப்பியன்னு நினைக்கவே இல்ல. எங்க அழுதிருவனோன்னு உதட்ட மடக்கிக்கிட்டேன். அத மொறைப்புன்னா நினைச்சிய?"

"பின்ன?"

"இத்தன வருசமாவா?"

நாயகம் மற்ற புள்ளிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். எல்லாவற்றிலும் கேமரா அவன் கையில். எல்லாவற்றிலும் அவள் பார்ப்பது அவனை. இத்தனை வருஷம் தன்னைப் பொறுத்துக்கொண்டு ஒருத்தி குடித்தனம் நடத்துகிறாள் என்று நினைத்திருந்தவன், அவள் தன்னைக் கொண்டாடியிருக்கிறாள் என்பதைப் புள்ளிக் கணக்கில் கண்டுபிடித்தான். கணக்கில்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பதில் அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மிசின் ஒழுங்காத்தான் வாங்கியிருக்கு," என்றான். "நான்தான் தப்பா வாங்கிட்டேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "அப்ப நிச்சயத்தன்னைக்கு?"

"அந்தப் பிள்ள சேலையக் கட்டிக்கிட்டு வெளிய வந்தப்பவும் அதேதான். நெஞ்சு நெறஞ்சிட்டு. சந்தோசம்னு நான் சொன்னேன். எவ்வளவுன்னு நீங்க கேக்கலையே."

அன்றைக்குக் கோடு துள்ளவே இல்லை. காய்கறிக் கடையில் துள்ளியது பிழை. சபையில் உதட்டை இறக்கியது கோமதியேதான். இரண்டையும் ஒரே வியாதி என்று நினைத்து மருந்து கொடுத்தவன் இந்த மகானுபாவன்.

சரி செய்ய வழி இருந்தது. ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் இறங்குகிற கோவையும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று கோவைக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

"நாலஞ்சு புள்ளிய வச்சு அத நான் கணக்குப் போட முடியாது," என்றான். "நீதான் சொல்லணும். பாலத்தப் போட்டுக்கோ. நான் ஒன்னக் கொஞ்சங் கொஞ்சமாச் சந்தோசப்படுத்துதேன். உதடு மடங்கப் பாக்கவொடன விரலத் தூக்கு."

ஒரு மனைவியைப் படிப்படியாகச் சந்தோஷப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் நாயகத்துக்குத் தெரிந்தது. பாடினான். அவள் சிரித்தாள், விரல் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர் மாதிரி வேட்டியைத் தூக்கிக் கட்டி நடந்து காட்டினான். இன்னும் பெரிதாகச் சிரித்தாள், விரல் மட்டும் மடியிலேயே கிடந்தது. மிக்சர் வாங்கி வந்தான். மிக்சர் தீர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அலுத்துப்போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தான். "மண்டையில மூளையா இருக்கு எனக்கு? பொண்டாட்டி கண்ணு நெறயப் பாத்ததப் போயி கெட்ட புள்ளின்னேனே. டாக்டர்கிட்ட வேற சொல்லிச் சிரிச்சேனே, மடப்பய..."

நிமிர்ந்து பார்த்தால் விரல் தூக்கியிருந்தது.

"திட்டிக்கிட்டே இருங்க," என்றாள் கோமதி. "சந்தோசம் இன்னும் எறங்கல."

கோடு தயாராயிற்று. ஆனால் சில்லில் ஒரு சமயத்தில் ஒரு கோடுதான் நிற்கும். கல்யாணம் அடுத்த வாரம். இதை ஏற்றினால் மேடையில் நெஞ்சு நிறைகிற நேரம் முகம் மறுபடியும் மடங்கும், அதே சபையில், அதே சம்பந்தியம்மாள் முன்னால்.

"கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் மாத்திக்கிடுவோம்," என்றான் நாயகம்.

கோமதி யோசித்தாள். பயம் இருந்தது அவளுக்கு. காதோரம் கை போய்ப் போய் வந்தது. "தாலி ஏறும்போது தாரிணி என் மூஞ்சியத் தேடுவா," என்றாள். "அந்தப் பொம்மச் சிரிப்பையா அவளுக்குக் குடுப்பேன்? போடுங்க நீங்க."

போட்டான். போட்டுவிட்டு, என்ன தோன்றியதோ, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய், ஆபீசிலிருந்து வருகிறவன் போலக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வாசலில் நின்றவள் முதலில் சிரித்தாள். பிறகு புருவம் நெரிந்தது, உதடு மடங்கியது, முழு முறைப்பு. நாயகம் படியிலேயே உட்கார்ந்து அழுதான். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை தெருவைப் பார்த்து உட்கார்ந்து அழுவதைப் பக்கத்து வீட்டம்மாள் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை போல என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் புத்தி என்று மறுநாள் கிளம்பிப் போனான். பகவதி கல்யாண வீட்டுப் பரபரப்பில் தேங்காய்ப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோவை, புள்ளி, பந்தல் துணி என்று ஆதியோடு அந்தமாக விளக்கினான். அவள் கை நிற்கவில்லை.

"ஏல நாயகம், ஒன் ஆபீஸ் கணக்க ஏங்கிட்டக் கொண்டாராத. சந்தோசப்பட்டா எவளாவது மொறைப்பாளா?"

"இவ மொறைப்பாக்கா. நானே இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்க ஒனக்குச் சொல்லியா தரணும்? போ, போயி மாலைக்குச் சொல்லிட்டியான்னு பாரு."

வீட்டுக்கு வந்து, அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னான். அக்கா என்ன சொன்னாள் என்று கோமதியும் கேட்கவில்லை.

முகூர்த்த நேரம். மாமன் மாலை எடுத்துக் கொடுத்தாயிற்று. மேடையின் ஓரத்தில் நாயகமும் கோமதியும் அட்சதையோடு நின்றார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான், கெட்டிமேளம் முழங்கிற்று. குனிந்திருந்த தாரிணி தலையைக் கொஞ்சம் திருப்பி, கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், அத்தையைப் பார்த்தாள்.

கோமதியின் முகத்தில் சிரிப்பு ஏறியது. ஏறி, நின்று, இறங்கியது. புருவம் நெரிந்து, உதடு மடங்கி, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு கடுகடுப்பு. விரல் காதுப் பக்கம் போகவில்லை. தாரிணி அந்த முறைப்பைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள்.

சம்பந்தியம்மாள் பகவதியின் தோளை இடித்தாள். "என்ன மதினி, ஒங்க தம்பி வீட்டம்மா மறுபடியும்..."

பகவதி திரும்பிக் கோமதியின் முறைப்பையும், கண்ணில் கட்டி நின்ற நீரையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல நாயகத்துக்குத் தோன்றியது. அவன் கையில் அட்சதை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. முடிந்தது கதை, அக்கா தம்பி உறவு இன்றோடு சரி என்றே நினைத்தான்.

பகவதி கையைத் தட்டி வீடியோக்காரர்களில் ஒருவரைக் கூப்பிட்டாள்.

"இந்தாரும், தாலிய ஒருத்தரு எடுத்தாப் போதும். நீரு இங்கிட்டுத் திரும்பும். அந்தா மொறைச்சிக்கிட்டு நிக்கால்லா என் தம்பி பொண்டாட்டி, அவ மூஞ்சிய எடும். கிட்டப் போயி நல்லா எடும். அத்தைக்கு எவ்வளவு சந்தோசம்னு எம் மவளுக்கு நாளைக்குப் போட்டுக் காமிக்கணும்."